கஞ்சி குடிச்சியளா மக்கா?

நிழல் முதல்முறையாக ‘முடியாது’ என்று சொன்னபோது, என் வேலை போய்விடும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உயிரும் போகக்கூடும் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. நான் எப்போதும் அப்படித்தான். சின்னப் பயம் முதலில் வரும், பெரிய பயம் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும்.

என் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. மனிதக் குரலைக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பது என் தொழில். உள்நாட்டுப் போருக்கு முன்பு, பேருந்து நிலையங்களில் ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று அறிவிக்கும் குரலைச் செய்து பிழைத்துக்கொண்டிருந்தேன். கடலோர மாவட்டங்கள் பிரிந்துபோய்த் தனிக்கொடி ஏற்றின. போர் வந்தது. கூட்டரசு என்னைக் கூப்பிட்டு, ஒரு ஜெனரலைச் செய்து தரச் சொன்னது.

போரின் முதல் வருடத்திலேயே மூன்று ஜெனரல்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் சிப்பாய்கள் முழுசாக நம்பிய ஆள் ஒருவர்தான், ஜெனரல் ஆபிரகாம் தேவசகாயம். அவரோ ஒற்றை ஆள், போர்முனைகளோ ஏழெட்டு. ஆகவே அவர் பணியில் சேர்ந்த நாள்முதல் வயர்லெஸ்ஸில் பேசிய அத்தனை பேச்சையும் கணினிக்குள் கொட்டினோம். அவர் எப்படி யோசிப்பார், எந்த மேட்டைப் பிடிப்பார், எங்கே பின்வாங்குவார் என்று அது கற்றுக்கொண்டது. பிறகு அவர் குரலிலேயே எல்லாப் போர்முனைகளுக்கும் ஒரே நேரத்தில் உத்தரவு போடத் தொடங்கியது. அதற்கு நிழல் என்று பெயர் வைத்தார்கள். பேசுவது நிஜமா நிழலா என்று சிப்பாய்கள் வம்பு பண்ணக் கூடாதென்று ஒரு சட்டமும் வந்தது. நிழல் சொல்வது ஜெனரல் சொல்வதாகவே கருதப்படும் என்பது அந்தச் சட்டம். எங்களில் யாரும் அதை இரண்டாம் முறை படித்துப் பார்க்கவில்லை.

கணினிகளுக்குக் குளிர் வேண்டும் என்பதால், மதுரைக்கு வெளியே ஒரு பழைய ஐஸ் ஃபேக்டரியில் எங்களை வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் மீன் லாரிகள் வரிசைகட்டி நின்ற இடம். எத்தனை முறை கழுவினாலும் வாடை போகவில்லை. ஜெனரல் முதல்முறை வந்தபோது மூச்சை இழுத்து மோந்து பார்த்துவிட்டு, “எங்க ஊரு வாடையில்லா இது!” என்று குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார். குமரிக் கடற்கரையில் பிறந்தவர். அவருடைய ஊரே இப்போது எதிரியின் பக்கம் இருந்தது.

பழகிய பிறகு ஒரு நாள் துணிந்து கேட்டேன். “ஊரே அந்தப் பக்கம் இருக்கு. நீங்க மட்டும் ஏன் சார் போகலை?”

“பிடிச்ச அரசாங்கத்துக்கு மட்டும்தான் துப்பாக்கி எடுப்பேன்னு ஒவ்வொருத்தனும் சொன்னாம்னு வையி, தெருவுக்கொரு பட்டாளம் ஆயிரும் பிள்ளே. ஒரு தடவ சத்தியம் பண்ணியாச்சு. அவ்வளவுதான்.”

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் அந்த மனிதரைப் பிடித்தது. காரணம் ஒரு பழக்கம். எவ்வளவு அவசரமானாலும், உத்தரவு போடுவதற்கு முன்னால், “கஞ்சி குடிச்சியளா மக்கா?” என்று கேட்பார். “குடிச்சாச்சு சார்” என்று பதில் வந்த பிறகுதான் அன்றைக்கான சங்கேதச் சொல்லும் உத்தரவும் வரும். இளம் கேப்டனாக இருந்தபோது, பட்டினி கிடந்தவர்கள் என்று தெரியாமல் சிலரை ஆற்றைக் கடக்கச் சொல்லிவிட்டாராம். நீந்தத் தெம்பில்லாமல் இரண்டு பேர் வெள்ளத்தோடு போய்விட்டார்கள். அதற்கப்புறம் அவர் கேட்காமல் இருந்ததே இல்லை. அவர் கேட்டதால் நிழலும் கேட்டது.

வயர்லெஸ் பேச்சை எழுதித் தலைநகருக்கு அனுப்பும் படியில் இந்தக் கஞ்சி வராது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் சங்கேதச் சொல்லிலிருந்து ஆரம்பித்து எழுதினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். குசலம் விசாரிப்பதெல்லாம் அவர்களுக்கு எதற்கு? ஆனால் சிப்பாய்களுக்கு அதுதான் எல்லாம். ஒருமுறை எதிர்ப்பக்கத்துக்காரர்கள் ஜெனரலின் மேடைப் பேச்சுகளை வைத்துப் போலிக் குரல் செய்து, சங்கேதச் சொல்லையும் திருடி, ஒரு படைப்பிரிவையே பள்ளத்தாக்கில் இறக்கிக் கொன்றுவிட்டார்கள். அந்தப் போலிக் குரல் கஞ்சியைப் பற்றிக் கேட்கவில்லை. மேடையில் யார் கஞ்சியைப் பற்றிப் பேசுவார்கள்? அன்றிலிருந்து கஞ்சி கேட்காத உத்தரவை ஒரு சிப்பாயும் நம்பியதில்லை. மேலிடத்துக்கு இதை யாரும் சொல்லவும் இல்லை. பதிவுகளை முழுசாகக் கேட்கிறவள் என்பதால் எனக்குத் தெரியும்.

நெடுங்கழி விவகாரம் ஒரு நண்பகலில் வந்தது. கழிமுகத்து ஓரமாக ஒரு சிறு நகரம். எதிரிப் படை அதற்குள் பதுங்கியிருந்தது. பாலம் உடைந்துபோனதால் ஊர் ஜனத்தில் பெரும்பகுதி இன்னும் உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. மேட்டில் நம் பீரங்கிகள் தயாராக நின்றன. ஊரைத் தரைமட்டமாக்கு என்று தலைநகரிலிருந்து வந்த கட்டளையை நிழலுக்குக் கொடுத்தேன்.

“முடியாது பிள்ளே” என்றது நிழல். “அங்கன ஜனம் கிடக்கு.”

தவறுதலாக ஏதோ தட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் கொடுத்தேன்.

“திருப்பித் திருப்பிக் கேட்டா மாறிருமா? நான் சுடச் சொல்ல மாட்டேன்.”

அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. இந்தப் பேச்சும் தலைநகருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் நன்மாறன் வந்துவிட்டார். சொந்த ஆட்களையே வேவு பார்க்கும் உட்காவல் துறையின் அதிகாரி. வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், வாய் நிறைய மரியாதை. வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து எல்லோருக்கும் தன் கையாலேயே ஊற்றிக் கொடுப்பார். அந்தக் காபியைக் குடித்த சிலரை அப்புறம் நான் பார்த்ததே இல்லை.

எனக்கும் ஊற்றினார்.

“ஒரே ஒரு சந்தேகம்தான் மேடம். மெஷின்ல கோளாறா? இல்ல, மனுஷன்கிட்டயா?”

“எனக்குப் புரியலை சார்.”

“மெஷின்ல கோளாறுன்னா, அதைச் செஞ்சது நீங்க. போர்க்காலத்துல அது நாசவேலை. மெஷின் நல்லா இருக்குன்னு வச்சுப்போம். அப்போ அவர் மனசுல இருக்கிறதுதானே வெளிய வந்திருக்கு? நிழல் சொன்னா அவர் சொன்ன மாதிரின்னு சட்டமே இருக்கே.” சிரித்தார். “ஒண்ணும் அவசரம் இல்லை. காபியைக் குடிச்சுட்டே யோசிங்க.”

பழுது என்றால் நான், பழுதில்லை என்றால் அவர். பேருந்து நிலையத்திலேயே இருந்திருக்கக் கூடாதா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். “பாத்துச் சொல்றேன் சார்” என்று மட்டும் சொன்னேன். சர்க்கார் வேலையில் கற்றுக்கொண்ட ஒரே தற்காப்பு அதுதான்.

ஜெனரலையும் வரவழைத்திருந்தார்கள். நிழல் மறுத்துப் பேசியதை அவருக்குப் போட்டுக் காட்டினார் நன்மாறன். தன் குரலே ‘சுடச் சொல்ல மாட்டேன்’ என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்ற அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. நெற்றியிலிருந்து கழுத்துவரை ரத்தம் வற்றி வெளுத்துப்போனது. தலைநகரோடு பேசிவிட்டு வருகிறேன் என்று நன்மாறன் வெளியே போனார். ஜெனரல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“இது ஏன் பிள்ளே இப்பிடிச் சொல்லுது? நான் ஒரு நாளும் மேல உள்ளவங்க சொன்னத மாட்டேன்னு சொன்னதில்லையே!”

“சார், பயம் வந்தா நீங்க என்ன செய்வீங்க?”

யோசித்தார். “வாய மூடிட்டுக் கிடப்பேன்.”

“அதுதான் சார். நீங்க பேசினதைத்தான் இதுக்குள்ள போட்டிருக்கோம். பேசாம இருந்ததைப் போட வழி இல்லை. உங்களோட புத்தி, பழக்கம், கஞ்சி எல்லாம் இதுகிட்ட இருக்கு. பயம் மட்டும் இல்லை.”

அவர் அந்தக் கணினி அலமாரிகளின் பக்கம் திரும்பினார். “அப்போ, பயம் இல்லாம இருந்தா நான் இப்பிடித்தான் இருந்திருப்பேனா?” என்று கேட்டார்.

நன்மாறன் திரும்பி வந்தார். “ரொம்ப சிம்பிள் சார். நீங்களே மைக்ல பேசி அந்த உத்தரவைக் குடுத்துட்டா, இது மெஷினோட சின்னத் தடுமாற்றம், அவ்வளவுதான். மேடத்துக்கும் பிரச்சினை இல்லை, உங்களுக்கும் இல்லை. குடுக்கலைன்னா…” மிச்சத்தைச் சொல்லாமல் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினார்.

ஜெனரல் எழுந்தார். “பிள்ள மேல ஒரு குத்தமும் இல்ல. நானே குடுக்கேன்.”

சே, இவ்வளவுதானா மனிதர் என்று மனசுக்குள் திட்டினேன். அதே நேரத்தில் என் தலை தப்பியது என்று ஒரு நிம்மதியும் வந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தன.

நெடுங்கழி மேட்டில் பீரங்கிகளுக்குப் பொறுப்பு கேப்டன் சுடலையாண்டி. இணைப்பைப் போட்டேன். ஜெனரல் மைக்கைப் பிடித்தார். நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

“ஆபிரகாம் தேவசகாயம் பேசுதேன்.”

இப்போது கஞ்சி வரும் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கம் அவர்களும் காத்திருந்தார்கள். இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை.

“செவ்வந்தி” என்று சங்கேதச் சொல்லைச் சொன்னார். “இலக்கு நெடுங்கழி நகரம். எல்லாப் பீரங்கியும். உடனே.”

குரல் உடைந்திருந்தது. நன்மாறனைப் பார்த்தேன். அவர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“சார்” என்றது சுடலையாண்டியின் குரல். “சரியாக் கேக்கலை. முதல்லேருந்து சொல்லுங்க சார்.”

அவன் வாய்ப்புக் கொடுக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. ஜெனரல் கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் சொன்னார். பெயர், சங்கேதச் சொல், ஊர், உடனே. வேறு எதுவும் இல்லை.

“கேட்டுது சார்.”

இணைப்பு அறுந்தது. என் மேஜையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“என்ன மேடம் அது?”

“போலிக் குரல்னு சந்தேகப்பட்டுப் பூட்டிட்டாங்க சார். சந்தேகம் வந்தா லைனைத் துண்டிச்சு, பீரங்கியைப் பூட்டிடணும். மேலதிகாரி ஒருத்தர் நேர்ல போய்த் திறந்தாதான் உண்டு. நீங்க… நம்ம அமைச்சகம் போட்ட விதிதான் சார்.”

“போலியா? ஆளே இங்கதானே உக்காந்திருக்கார்!” அன்றுதான் அவர் குரல் உயர்ந்து கேட்டேன்.

மேட்டுக்குப் போகும் சாலை முழுக்கக் கண்ணிவெடி. அதிகாரிகள் மறுநாள் போய்ச் சேர்வதற்குள் நெடுங்கழி காலி. பீரங்கிகள் மேட்டில் ஏறியதைப் பார்த்த நாளிலிருந்தே ஜனங்கள் படகுபடகாகக் கடலில் இறங்கிக்கொண்டிருந்தார்களாம். அவர்களுக்கு ஒரு நாள் கிடைத்தால் போதுமாக இருந்தது.

உத்தரவை வேண்டுமென்றே கெடுத்தாரோ என்ற சந்தேகத்தில் ஜெனரலைக் காவலில் கொண்டுபோவதற்கு முன், ஐஸ் ஃபேக்டரி நடையில் எனக்கு அவரோடு கொஞ்ச நேரம் கிடைத்தது. ரகசியமாகக் கேட்டேன். “சார், கஞ்சியை வேணும்னுதான விட்டீங்க?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. வெறும் பயம்தான் இருந்தது.

“தெரியல பிள்ளே. சத்தியமாத் தெரியல. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு. வேணும்னு விட்டேனா, பயத்துல மறந்தேனா, எனக்கே பிடிபடல.” கையைப் பிசைந்தார். “மறந்திருந்தேன்னு வையி, அந்த ஊரையே நான் கொன்னாச்சு. குண்டு வெடிக்கல, அவ்வளவுதானே?”

விசாரணை தலைநகரில் நடந்தது. என்னையும் நிழலையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். சுடலையாண்டி விறைப்பாக நின்று சொன்னான். “நான் சேர்ந்த நாள்லேருந்து அந்தக் குரல் நடுங்கிக் கேட்டதில்லைங்க ஐயா. அதான் போலின்னு நினைச்சோம்.” கஞ்சியைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை.

பிறகு, நிழல் சொல்வது ஜெனரல் சொல்வதுதான் என்ற அந்தச் சட்டத்தை வைத்து, நன்மாறன் நிழலிடம் கேட்டார். அன்றைய உத்தரவின் பதிவும் வழக்கம்போல அதற்குள் சேர்க்கப்பட்டிருந்தது. “அந்த உத்தரவை மனப்பூர்வமாத்தான் குடுத்தீங்களா? குரல் ஏன் நடுங்குச்சு?”

“மனசாரத்தான் குடுத்தேன்” என்றது நிழல். “பயந்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல.”

சபை அதை ஏற்றுக்கொண்டது. பயந்தாங்கொள்ளி, ஆனால் துரோகி இல்லை என்று தீர்ந்தது. பதக்கம் ஒன்றைக் குத்தி, கட்டாய ஓய்வு கொடுத்து, நகர எல்லையில் ஒரு வீட்டில் காவலோடு உட்கார வைத்தார்கள். கடைசிவரை அரசுக்கு விசுவாசமாக இருந்த தளபதி என்று வானொலியில் சொன்னார்கள்.

எனக்குத்தான் தூக்கம் போனது. பயமே இல்லாத ஒன்று ‘பயந்துட்டேன்’ என்று எப்படிச் சொல்லும்? இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். அவரைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்க வேண்டும். அல்லது அந்த நடுங்கும் பதிவிலிருந்து பயத்தைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்றுக்கொண்டிருந்தால் இனிமேல் அதுவும் வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்யும். எல்லாப் போர்முனையிலும், ஒரே நேரத்தில். நெடுங்கழிக்குப் படகு இருந்தது. எல்லா ஊருக்கும் இருக்குமா?

ஜெனரலோ தினமும் என்னிடம் தொலைபேசியில் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தார். இணைப்பை ஒட்டுக்கேட்பார்கள் என்று தெரியும் என்பதால் நேராகக் கேட்க மாட்டார். “மனுசனுக்கு மறதி எதனால பிள்ளே வரும்?” என்பார். “பயந்தா மறக்குமா?” என்பார். குரல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனது. சோறு இறங்குவதில்லை என்று அவர் வீட்டுக் காவலர் ஒருவர் சொன்னார்.

அடுத்த ஊருக்கான கட்டளை வந்தபோது நன்மாறன் ஃபிளாஸ்க்கோடு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இது உள்நாட்டு ஊர். மலையடிவாரம். படகு கிடையாது, ஆனால் காட்டுப் பாதை உண்டு. கட்டளையைத் தட்டும்போது என் விரல்கள் எனக்குச் சொந்தமானவையாக இல்லை. மறுத்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். மறுத்தால் நன்மாறன் என்னைக் கொண்டுபோவார் என்பதும் ஞாபகம் வந்தது. அப்போதும் மறுத்துவிடு என்றுதான் கெஞ்சினேன். அது எனக்கே ஆச்சரியம்.

நிழல் மறுக்கவில்லை.

“சரி” என்றது. உடனே பீரங்கிப் படையோடு இணைத்துக்கொண்டது. “ஆபிரகாம் தேவசகாயம் பேசுதேன்.”

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“கனகாம்பரம்” என்று அன்றைய சங்கேதச் சொல்லைச் சொன்னது. ஊர்ப் பெயரைச் சொன்னது. எல்லாப் பீரங்கியும், உடனே என்றது. ஒரு பிசிறு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை, கல்லில் செதுக்கியது போன்ற தெளிவான குரல். பயம் துளியும் இல்லாத குரல்.

கஞ்சியைப் பற்றி மட்டும் அது கேட்கவில்லை.

இத்தனை காலத்தில் ஒரு நாளும் அது கேட்காமல் விட்டதில்லை. மறப்பதற்கு அதற்கு மறதி கிடையாது. நாக்கு ஒட்டிக்கொள்ள நாக்கும் கிடையாது.

“பாத்தீங்களா, இப்போ சரியாயிடுச்சு!” என்றார் நன்மாறன். எனக்குக் காபி ஊற்றினார். நான் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எரியப் போகிறது என்று எனக்குத் தெரியும். எரிந்தால் என்ன ஆகும், எத்தனை ஊர்வரை இந்த மனிதருக்குப் புரியாமல் இருக்கும் என்பதுதான் தெரியவில்லை. குடிக்காமல் டம்ளரை மேஜையிலேயே வைத்துவிட்டேன். வெளியே போய் ஜெனரலுக்குத் தொலைபேசி போட்டேன்.

“சொல்லு பிள்ளே” என்றார். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது குரல். பின்னணியில் யாரோ ஒட்டுக்கேட்கும் கிர்ர் சத்தம்.

“ஒண்ணும் இல்லை சார். உங்க பிள்ளை நல்லா இருக்கான். முந்தி மாதிரியேதான் இருக்கான். பயம்கிறதே கிடையாது.” “ஆனா இன்னைக்கு அவனும் கஞ்சி கேக்கலை சார்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பயந்தால் வாயை மூடிக்கொள்கிறவர் அவர். பயந்துவிட்டாரோ என்று நானும் பயந்தேன். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மூச்சு நீளமாக வெளியே வந்தது, பல நாள் அடக்கி வைத்திருந்ததுபோல.

“நீ கஞ்சி குடிச்சியா பிள்ளே?” என்று கேட்டார்.

காலையிலிருந்து நான் ஒன்றுமே சாப்பிடவில்லை. “இனிமேத்தான் சார்” என்றேன். உள்ளே ஐஸ் ஃபேக்டரியில் நன்மாறன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.